ஐந்து மணிச் சாப்பாடு

அப்பா போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் இரவு ஷிப்டில் கிரேன் ஓட்டுகிறார். பகலில் தூக்கம் வராமல் வேலையே போகும் நிலை. சாப்பிடும் நேரத்தைப் பார்த்து மூளையும் தூங்கும் நேரத்தைப் பழகிக்கொள்ளும் என்று படித்திருந்தேன். தினமும் மாலை ஐந்துக்கே சாப்பாடு கொடுத்து, நாட்காட்டியில் ‘சரி’ குறி போட்டு வந்தேன். மூன்றே வாரத்தில் நன்றாகத் தூங்கினார்.

“என் மக டாக்டருக்கே பாடம் எடுப்பா லா,” என்று கூட்டாளிகளிடம் பெருமையடித்தார்.

தினமும் நான்கு ஐம்பதுக்கே, சாப்பாட்டை எதிர்பார்த்து, அவருடைய ஸ்மார்ட் கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பு ஏறும். ஐந்தரைக்கு இறங்கும்.

நேற்று கடிகாரத்தை மேசையில் மறந்து வைத்துவிட்டு, சாப்பிடாமலே சீக்கிரம் கிளம்பிவிட்டார். நான்கு ஐம்பதுக்கு மேசையில் கிடந்த கடிகாரத்தில் துடிப்பு ஏறியது. அதன் அருகே சோறும் மீன் குழம்பும் வைத்தேன். ஐந்தரைக்கு இறங்கியது. தட்டில் எதுவும் குறையவில்லை.

ஆறு மணிக்கு அப்பா அழைத்தார்.

“சாப்பாடு கொண்டு வராதம்மா, வயிறு நிறைஞ்சிருச்சு. குழம்புலதான் உப்பு கொஞ்சம் கம்மி.”

நாட்காட்டியில் இருபத்திரண்டாம் நாளுக்கும் ‘சரி’ குறி போட்டேன். இதுவரை ஒரு நாளும் தப்பவில்லை.