மூன்றாவது பயிற்சியாளர்

மகள் நிலானிக்கு சாப்ட்பால் பந்துவீச்சு கற்றுத்தர குணாளன் வாடகைக்கு எடுத்த மூன்றாவது பேசும் பயிற்சி இயந்திரம் இது. முதல் இரண்டும் அவரைக் கொஞ்சம் பேசாமல் இருக்கச் சொன்னதால், உடனே திருப்பி அனுப்பிவிட்டார்.

இது அப்படி எதுவும் சொல்லவில்லை. மைதானத்தின் பயிற்சி வலைக்குப் பின்னாலிருந்து அவர் கொடுத்த யோசனைகளை எல்லாம் கேட்டுவிட்டு, "சார், நீங்களே ஒண்ணு போட்டுக் காட்டுங்க," என்றது.

குணாளன் கையைச் சுழற்றி வீசினார். பந்து பின்பக்கமாகப் பறந்து, அங்கே நிறுத்தியிருந்த அவருடைய கார் கண்ணாடியை உடைத்தது.

நிலானி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே அவள் வீசிய அடுத்த பந்து முதல்முறையாகக் குறி தவறாமல் போனது.

"பாப்பாவுக்குத் தோள் இறுக்கம் விட்டுடுச்சு," என்றது இயந்திரம். "தினமும் வந்து இதே மாதிரி ஒண்ணு போடுங்க சார். வீட்ல பழகிட்டு மட்டும் வந்துடாதீங்க."