நாலாவது தையல்

"பையை உள்பக்கமா திருப்பிக் காட்டு," என்றாள் கனிதா.

போனுக்குள், கடல் கடந்த ஊரின் பெரிய துணிக்கடையில் நின்றபடி, தாவி ஒரு குளிர்கால கோட்டின் பையைத் திருப்பினாள். இந்த ப்னோம்பென் நகரத்திலிருந்து அங்கே படிக்கப் போன பெண். கடை வாசலில் நூறு பேர் பதாகையோடு நின்றார்கள். சங்கம் ஆரம்பித்ததற்காக ஆலை விரட்டிய ஏழு பெண்களைத் திரும்ப வேலைக்குச் சேர்க்க வேண்டும் என்று கத்தினார்கள்.

அந்த ஆலையில் எங்கள் துணி தைக்கப்படுவதே இல்லை என்று ஓர் அறிக்கையை விட்டுவிட்டு, கடையை நடத்தும் கம்பெனி கை கழுவியிருந்தது.

அந்த ஏழு பேரும் இங்கே, ஆலைக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில், ஒரே போனின் மேல் தலையை முட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் மாங்காயும் மிளகாய் உப்பும். யாரும் தொடவில்லை.

பையின் மூலை பிரியாமலிருக்க மூன்று தையல் பின்னோக்கிப் போட வேண்டும். அதுதான் கணக்கு. கனிதா நாலு போடுவாள். மேற்பார்வையாளன் மூஞ்சிக்கு நேரே சொல்ல முடியாததையெல்லாம் அந்த நாலாவதில் சொல்லித் தீர்ப்பாள். அந்த ஆளுக்குக் கடைசிவரை தெரியாது. இன்று காலை வரை இந்த ஆறு பேருக்கும்கூடத் தெரியாது.

"நாலு இருக்குக்கா," என்றாள் தாவி. "ரெண்டு தடவை எண்ணிட்டேன்."

அறையே அமளிப்பட்டது. கடைக்குட்டி போவ், இவளைப் போல ஒரு கள்ளியைப் பார்த்ததே இல்லை என்று கனிதாவின் முதுகில் சாத்தினாள்.

அங்கே காவலாளி வந்துகொண்டிருந்தான். தாவி அசையவில்லை. அடுத்த கோட்டு, அதற்கடுத்தது. சுற்றி நின்றவர்கள் படம் பிடித்தார்கள். எல்லாவற்றிலும் நாலு.

கனிதா மட்டும் சிரிக்கவில்லை. எப்போது வந்த சரக்கு என்று கேட்கச் சொன்னாள். போன வாரம்தான் வந்து இறங்கியதாம்.

அவள் போனைக் கண்ணருகே இழுத்து அந்த மூலையை மறுபடி பார்த்தாள். தன் கைவேலையையே இவளால் நம்ப முடியவில்லை போலிருக்கிறது என்று போவ் கேலி செய்தாள்.

"நம்மள விரட்டி, நான் அந்த மெஷினை விட்டு எழுந்து ரெண்டு வருஷமாச்சுடி," என்றாள் கனிதா. "இப்ப அங்க உக்காந்திருக்கறவ பேருகூட எனக்குத் தெரியாது. எவளோ என் நாலாவது தையலைப் பாத்திருக்கா. பாத்துட்டு, யார்கிட்டயும் மூச்சு விடாம அதையே தைக்கிறா."