படிக்கட்டில் சொன்ன குறைகள்

"மூணாவது மாடி வீட்டைப் பார்க்கவா வந்தீங்க?" கீழ்த்தளத்துத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். "சொல்லக்கூடாதுதான், மனசு கேட்கலை. குழாயைத் திறந்தா தண்ணி வராது சார், காத்துதான் வரும்."

வீடு வாங்க வந்த இரும்புக்கடைக்காரர் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். 'கேட்டுக்கிட்டியா' என்று கண்ணிலேயே ஒரு குதூகலம்.

சந்தையில் அவருக்கு 'மிளகாய்' என்று பெயர். தெருத்தெருவாகப் பழைய தகரம் வாங்கி, நாலு இடத்தில் ஏமாந்து, நாற்பது இடத்தில் சண்டை போட்டு, சொந்தமாகக் கடை வைத்த மனிதர். எவன் என்ன விலை சொன்னாலும் பாதிக்குக் கேட்டுவிட்டுத்தான் மூச்சு விடுவார். காசு கொடுத்து வாங்குகிற மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் விடுவானா ஒருத்தன் என்பார்.

பல்லைப் பிடித்தே பல வீடுகள் கைநழுவிப் போயிருந்தன. ஒரு வீட்டில் புரோக்கரோடு சண்டை, இன்னொன்றில் வீட்டுக்காரரின் மாமனாரோடு. இப்போது இருக்கிற வாடகை வீட்டையோ மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். இதையும் கெடுத்தால் சட்டி பானையோடு தெருவில்தான் நிற்க வேண்டும் என்று வழியெல்லாம் படித்துப் படித்துச் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள் மனைவி.

முதல் மாடியில் டியூஷன் டீச்சர் வழிமறித்தார். மழை வந்தால் அந்த வீட்டுச் சுவர் புதுப்பெண் மாதிரி அழுமாம். இரண்டாம் மாடி பேங்க்காரர் செருப்பைத் தேடுகிற சாக்கில் வெளியே வந்து, தெருவைப் பற்றி ஆரம்பித்தார். முனைச் சாக்கடை பொங்கினால், மூக்கை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் கடைக்கே போக முடியுமாம்.

"பார்த்தியா, கூட இருந்தே குழி பறிக்கிறாங்க" என்றார் மிளகாய், படியேறிக்கொண்டே. "நமக்கென்ன. எரியற வீட்ல பிடுங்கினது லாபம்."

"இவங்க நடுவுலயா நாம குடியிருக்கணும்?" என்றாள் மனைவி.

கதவைத் திறந்தது ஓய்வுபெற்ற ஒரு நர்ஸம்மா. பழைய வீடுதான். ஆனால் அகலமான ஜன்னல், வழவழவென்று சிவப்புத் தரை, கூடத்திலிருந்து சமையலறை வரை ஓடுகிற காற்று. மனைவி சமையலறை அலமாரியைத் தடவிப் பார்த்த விதத்திலேயே அவள் மனசு இங்கே குடிவந்துவிட்டது தெரிந்தது.

மிளகாய் குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. இன்றைக்கு வருகிறது, என்றைக்கும் வருமா என்று கேட்டார். சுவரைத் தட்டினார். காய்ந்திருந்தது. மழையில் பார்த்தால்தானே லட்சணம் தெரியும் என்றார். பிறகு படிக்கட்டில் கேட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டினார்.

நர்ஸம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்படியா? எனக்குத் தெரியலையே தம்பி. யார் சொன்னாங்க?"

"தையல்காரர், டீச்சர், கீழ்வீட்டு பேங்க்காரர். போதுமா?"

"அவங்களா?" நர்ஸம்மா சுவரை ஒருமுறை தடவிப் பார்த்தார். "அப்ப சரியாத்தான் இருக்கும். அவங்க யாரும் பொய் சொல்ல மாட்டாங்க. எனக்கு வயசாச்சில்ல, கவனிச்சிருக்க மாட்டேன்."

மிளகாய் விலையில் கால்வாசியை வெட்டினார். சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு நின்றவருக்குச் சண்டையே கிடைக்கவில்லை. மகன் இருக்கிற ஊரில் தனக்கென்று சின்னதாக ஒரு வீடு வாங்கலாம் என்றிருந்தாராம் நர்ஸம்மா. பரவாயில்லை, மகன் வீட்டிலேயே ஒரு மூலையில் இருந்துகொள்கிறேன் என்று சொல்லித் தலையாட்டிவிட்டார். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இறங்கி வந்தால், கீழே மூன்று பேரும் கூடி நின்றிருந்தார்கள்.

"பிடிக்கலை, இல்ல சார்?" என்றார் தையல்காரர் ஆசையாக.

"பேசி முடிச்சாச்சு. உங்க புண்ணியத்துல விலையில கால்வாசி குறைஞ்சுது."

தையல்காரர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"குறைச்சுட்டாங்களா?" டீச்சர் முன்னால் வந்தார். "இதுவரைக்கும் வந்தவங்க எல்லாம் கேட்டதும் ஓடித்தானே போனாங்க. நீங்க இதை வச்சுப் பேரம் பேசுவீங்கன்னு நாங்க நினைக்கவே இல்லையே."

"தண்ணி நாள் முழுக்க வரும் சார்" என்றார் தையல்காரர், தலையைக் கையில் தாங்கியபடி. "சுவரும் அழாது, சாக்கடையும் பொங்காது. நர்ஸம்மா போகக்கூடாதுன்னு சொன்ன பொய் எல்லாம். என் பிள்ளை காய்ச்சல்ல கிடந்தப்போ தூங்காம பக்கத்துல உட்கார்ந்திருந்தவங்க. எங்க நல்லது கெட்டது எதுக்கும் அவங்க கதவைத்தான் தட்டுவோம். கடைசில அவங்க வயித்துலயே அடிச்சுட்டோமே."

மிளகாயின் முகம் சிவந்தது. சந்தையே பயப்படுகிற தன்னை மூன்று பேர் சேர்ந்து முட்டாளாக்கியிருக்கிறார்கள். மனைவி அவசரமாக அவர் முழங்கையைப் பிடித்தாள்.

அவர் வாயைத் திறந்தார். மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். கல்யாணமான நாள் முதல் மனைவி காணாத காட்சி அது. கையை உதறிவிட்டு மறுபடி படியேறத் தொடங்கினார்.

மனைவி பின்னாலேயே ஓடினாள். "ஏங்க, அந்தம்மாகிட்ட சண்டைக்குப் போகாதீங்க. நல்ல வீடுங்க."

"சண்டையில்ல. அவங்க முதல்ல சொன்ன விலையையே கொடுக்கறேன்னு சொல்லிட்டு வரேன்."

"நீங்களா?"

மிளகாய் நின்றார். கீழே இருப்பவர்கள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாம காலி பண்றோம்னு சொன்னதும் நம்ம பக்கத்து வீட்டுக்காரன், லாரிக்கு வாடகையே நான் கொடுத்துடறேன்னான்டி."