அறுபது போஸ்டர், இருபத்தொன்பது பேர்

“போஸ்டரை எல்லாம் எடுத்தது மிஸ்டர் டைசன்தான்,” என்றாள் ஹெஸ்டர்.

ரேவன்பெக் ஊர்க் கூடத்தில் கோப்பைச் சத்தம் அப்படியே நின்றது. வெளியே மழை. உள்ளே இருபத்தெட்டு பேர், முழங்கால்வரை சேறு, கையில் கேக். கிரே ஹவ் மலையோட்டம் முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

எட்வின் டைசன்தான் இருபத்திரண்டு வருஷமாக அந்த ஓட்டத்தை நடத்துகிறவர். கையிலிருந்த கோப்பையில் தேநீரை நிரப்பி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

அந்த நிதானம்தான் ஹெஸ்டருக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

போன வருஷம் அவள் இதே மலையடிவாரத்தில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தபோது, நெஞ்சில் எண் குத்திய சிலர் அவளைத் தாண்டி ஓடினார்கள். இப்படி ஓர் ஓட்டம் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் இரண்டு வருஷமாகப் படிக்கிறவளுக்கே தெரியவில்லை என்றால் வேறு யாருக்குத் தெரியும்?

அக்டோபரில் நடந்த ஓட்டக்காரர்கள் கூட்டத்தில் எழுந்து கேட்டேவிட்டாள். மலையை என்ன முப்பது பேருக்குப் பட்டா போட்டுக் கொடுத்திருக்கிறார்களா? விளம்பரம் செய்தால் நாலு பேர் வரமாட்டார்களா?

எட்வின் மட்டும் வேண்டாம் என்றார். முப்பது பேர் மேலே போனால் முப்பது பேரும் இறங்கிவிட்டார்களா என்று எண்ணிவிடலாம், நூறு பேர் போனால் தன்னால் முடியாது என்றார். அதெல்லாம் சாக்கு என்றாள் ஹெஸ்டர்.

டெரிக்தான் மேசையைத் தட்டி அவளை ஆதரித்தார். ஐம்பது வயது தாண்டியவர்களுக்கான பரிசை ஆறு வருஷமாக விடாமல் வாங்குகிறவர். அந்தப் பிரிவில் ஓடுவதே இரண்டு பேர், இன்னொருவருக்கு முழங்கால் வலி.

“கூட்டம் வரணும் பொண்ணே. போட்டியே இல்லாம ஜெயிச்சு என்ன பிரயோஜனம்?” என்றார்.

எட்வினைத் தவிர எல்லாக் கையும் உயர்ந்தது.

ஹெஸ்டர் தன் கையாலேயே மலையை வரைந்து அறுபது போஸ்டர் அடித்தாள். மூன்று பள்ளத்தாக்குகளில் தபால் நிலையம், மதுக்கடை, பெட்ரோல் பங்க் ஒன்று விடாமல் அறிவிப்புப் பலகையில் குத்தினாள். இந்தப் பக்கத்து ஓட்டக்காரர்கள் ஃபோனில் தேடமாட்டார்கள், பலகையைத்தான் படிப்பார்கள். ஆனால் ஓட்டத்துக்கு முன்பே பலகைகள் எல்லாம் காலி. போன வருஷம் ஓடியவர்கள் முப்பத்தொருவர். இந்த வருஷம் அவளையும் சேர்த்து இருபத்தொன்பது.

“போன வாரம் பஸ்ல போகும்போது என் கண்ணால பார்த்தேன். தபால் நிலையப் பலகைக்கு முன்னாடி, கையில என் போஸ்டரோட நின்னுட்டிருந்தீங்க. இல்லேன்னு சொல்லுங்க பார்ப்போம்.”

“கையில வச்சிருந்தேன்மா. நீ பார்த்தது சரிதான்,” என்றார் எட்வின். கெட்டிலோடு அடுத்த கோப்பைக்கு நகர்ந்தார்.

வாக்கெடுப்பை மதிக்காதவர் ஓட்டத்தை நடத்தக் கூடாது, பொறுப்பை விட்டு இறங்கட்டும் என்றாள் ஹெஸ்டர். டெரிக் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோரும் தேநீர் குடித்து முடிக்கட்டும், அப்புறம் கைதூக்கிப் பார்த்துவிடலாம் என்றார். மற்றவர்களுக்குத் திடீரென்று கேக்கின் மேல் அக்கறை வந்துவிட்டது.

ஹெஸ்டருக்குக் குளிர் வெடவெடத்தது. அவளுடைய உலர்ந்த ஸ்வெட்டர் டெரிக்கின் வேனில் இருந்தது. காலையில் அவர்தான் அவளை ஏற்றிக்கொண்டு வந்தார். சாவியைத் தூக்கிப் போட்டார்.

வேனின் பின்கதவைத் திறந்தாள். சேற்றுக் காலணிகள் வைக்க வாகாக, தரை முழுக்கக் காகிதம் விரித்திருந்தது. காலணியை நகர்த்தினாள். அடியில் அவள் வரைந்த மலை. ஏழு மலை.

அடுத்த காரில் நனைந்த நாய் ஒன்று அதே மலையின் மேல் சுருண்டு படுத்திருந்தது. அதற்கடுத்த காரில், மூடாத ஜன்னல் இடுக்கில் மழை வராமல் அடைத்திருந்ததும் அவளுடைய போஸ்டர்தான்.

வேனுக்குத் திரும்பி வந்து ஒன்றை உருவிப் பார்த்தாள். மூலைக்கு ஒரு முறைதான் ஊசி குத்தியிருந்தாள். இதில் மூலைக்கு மூன்று ஓட்டைகள்.

எட்வின் வாசல் கேட் அருகே வந்து நின்றார். ஓட்டப் பாதையில் நட்ட கொடிகளை எடுத்துவரக் கிளம்பியிருந்தார். ஹெஸ்டர் அந்தக் காகிதத்தை அவரிடம் நீட்டினாள்.

“திருப்பிக் குத்தினது நீங்களா?”

“குப்பைத்தொட்டியில கிடந்தா எடுத்துக் குத்துவேன். மறுபடி காணாமப் போகும்.”

“நீங்கதான் விளம்பரமே வேண்டாம்னீங்களே.”

“வேண்டாம்னுதான் சொன்னேன். தோத்துட்டேன். முடிவானது முடிவானதுதான்.”

ஹெஸ்டர் போஸ்டரைச் சுருட்டிக்கொண்டு கூடத்தைப் பார்த்து நடந்தாள். எட்வின் குறுக்கே வந்தார். உள்ளே போய் என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டார். எல்லாவற்றையும், பெயரோடு, என்றாள் அவள்.

“காத்துல பறந்துடுச்சுன்னு சொல்லும்மா.”

“உங்களைத் திருடன்னு சொன்னப்போகூட அவங்க யாரும் வாயைத் திறக்கலை. நீங்க எதுக்கு அவங்களைக் காப்பாத்தணும்?”

எட்வின் கொடிகளை எடுத்துவர மலைப்பக்கம் திரும்பினார்.

“வந்ததே இருபத்தொன்பது பேரு. பேரைச் சொல்லிட்டா, அடுத்த வருஷம் நீ ஒருத்திதான்மா ஓடணும்.”