கூப்பிடு தூரத்துல தீவு

"இன்ஜின் மக்கர் பண்ணுதுங்க. இங்க நிறுத்தினா திரும்பக் கிளம்பாது. தீவுல இறங்க வேணாம், தள்ளாடிக்கிட்டே கரைக்குப் போயிடலாம்."

படகோட்டி சொல்லி முடிக்கல, மாணவி எழுந்து நின்னுட்டா.

"எது வேணாம்? தேசியப் பூங்காத் தீவு இதோ கூப்பிடு தூரத்துல இருக்கு! இந்த அனுமதிச் சீட்டுக்கு ஒரு வருஷமா நாயா அலைஞ்சிருக்கேன். முதல் தடவை புயல். ரெண்டாவது தடவை பரீட்சை. மூணாவது தடவை அம்மை. இப்ப உங்க இன்ஜினா?"

"காசைத் திருப்பிக் கொடுத்துடறேம்மா."

"காசு யாருக்கு வேணும்? என் கால் அந்த மணல்ல படணும்!"

"அப்படிக் கேளு தங்கச்சி!" பின்னாடி உட்கார்ந்திருந்த தொப்பிக்காரர் கைதட்டினார். படகுல இருந்த பன்னெண்டு பேரும் அவ பக்கம். அவளுக்கு இன்னும் சூடு ஏறிடுச்சு.

"நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். தள்ளுங்க, நானே பார்க்குறேன்."

"வேணாம்மா, கை சுட்டுடும்..."

அதுக்குள்ள இன்ஜின் மூடியைத் தூக்கிட்டா. ரெண்டு நிமிஷம்கூட ஆகல. இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு! டீசல் வால்வை மட்டும் யாரோ பாதிக்கு மேல திருகி மூடி வச்சிருக்காங்க. படகோட்டி முழிச்ச முழியிலயே அது யாருன்னும் தெரிஞ்சுபோச்சு.

"அண்ணே, பொய் சொன்னாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். எல்லார்கிட்டயும் சொல்லட்டுமா? உங்க லைசென்ஸ் இன்னைக்கே காலி."

படகோட்டி பக்கத்துல வந்து குனிஞ்சார். குரலும் குனிஞ்சுச்சு. கழுத்துல தொங்கின பைனாகுலரைக் கழட்டிக் கொடுத்தார்.

"தாராளமா சொல்லு. அதுக்கு முன்னாடி நாம இறங்குற இடத்தை ஒரு தடவை பாரு."

பார்த்தா. மணல் முழுக்க வெள்ளை வெள்ளையா பறவைங்க, றெக்கையைப் பாதி விரிச்சு நிழல் பிடிச்சுக்கிட்டு. ஒண்ணு லேசா நகர்ந்துச்சு. அடியில, வெறும் மணல்ல, கூழாங்கல் மாதிரி ரெண்டு முட்டை.

"இந்த வருஷம் ஒரு மாசம் முன்னாடியே போட்டுடுச்சுங்க. நாம இறங்கினா பயந்து பறந்துடும். இந்த வெயில்ல முட்டை கொஞ்ச நேரத்துல அவிஞ்சிடும். ரேஞ்சர்கிட்ட சொல்லிட்டேன். இறங்குறதை நிறுத்துற ஆர்டர் திங்கட்கிழமைதான் வருமாம். நான் ட்ரிப் எடுக்கலேன்னா வேற படகை அனுப்பிடுவாங்க."

"அதை எல்லார்கிட்டயும் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"நேத்து சொன்னேன். 'அஞ்சே நிமிஷம், ஒரே ஒரு போட்டோ'ன்னு குதிச்சு இறங்கிட்டாங்க." அவர் தீவுப் பக்கம் திரும்பல.

"என்ன தங்கச்சி, சரியாயிடுச்சா?" தொப்பிக்காரர் கேமராவைத் துடைச்சுக்கிட்டே கத்தினார். "அஞ்சே நிமிஷம் இறக்கி விட்டாக்கூடப் போதும்!"

மாணவி கையில கசங்கியிருந்த சீட்டைப் பார்த்தா. தீவைப் பார்த்தா. வால்வை இன்னும் கொஞ்சம் மூடினா. இன்ஜின் காசநோய்க்காரன் மாதிரி இருமிச்சு.

"பம்ப் அவுட்டு சார்! கரை போய்ச் சேர்ந்தாலே பெரிய விஷயம். யாரும் ஆடாம உட்காருங்க!"

தொப்பிக்காரர் தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கப்சிப்னு உட்கார்ந்துட்டார்.

கரையில எல்லாரும் படகோட்டியைத் திட்டிக்கிட்டே இறங்கிப் போனாங்க. அவ மட்டும் இறங்கல.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ட்ரிப் எத்தனை மணிக்கு?"

"எட்டு மணிக்கு. ஆனா சீட்டு இல்லாம உன்னை ஏத்த முடியாதேம்மா."

"மெக்கானிக்குக்கு எதுக்குண்ணே சீட்டு? தினம் பம்பே போனா சந்தேகம் வரும். நாளைக்கு கியர் பாக்ஸ்!"