ஒன்பதாவது துண்டு

"தோள்பட்டை கழண்டு கையோட வந்துரும்போல இருக்கு. இதுல இந்தக் கூத்தை வேற நான் பார்க்கணுமா?"

கொத்தனார் சமையலறை வாசலில் நின்று சட்டையைக் கழற்றினார். தொழிற்சாலை உலைக்குள் நாளெல்லாம் குனிந்து செங்கல் அடுக்கிய உடம்பு. நேராக நிமிரவே பத்து நிமிடம் ஆகும்.

"எந்தக் கூத்து?" மனைவி திரும்பவில்லை. தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கை வில்லை வில்லையாக அரிந்து, ஆழமான தகரத் தட்டத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நடுநடுவே வெங்காயம். மேலே, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த பால். சீஸ் கடையில் கழித்துப்போட்ட ஓரத்துண்டுகளைக் கால் விலைக்கு வாங்கி வந்திருந்தாள். காய்ந்து கல்லாகிப்போனதைத் துருவி, பழைய ரொட்டித் தூளோடு பிசறித் தூவினாள். அப்படிச் செய்தால் ஒரு கைப்பிடி சீஸ் தட்டம் முழுக்க இருப்பதுபோல் காட்டும்.

"உன் தம்பிதான் கூத்து. தினமும் பன்னிரண்டு மணி ஆனா டப்பாவைத் தூக்கிக்கிட்டு எங்கயோ கிளம்பிடறானாம். எதிர்வீட்டு டெய்லர் சொல்றார். துரை பூங்காவுல காத்து வாங்கிக்கிட்டுதான் சாப்பிடுவாரோ?"

"அவன் பங்கை அவன் எங்க தின்னா உங்களுக்கென்ன? வேலை தேடிப் போறான்."

"நாலு மாசமாத் தேடறான். வேலையா, தொலைஞ்சுபோன ஊசியா?"

மச்சான் பக்கத்து அறையில்தான் இருந்தான். வேலை பார்த்த மரப்பட்டறை மூடிய நாளிலிருந்து அக்கா வீட்டில் இருக்கிறான். அவன் காதில் விழட்டும் என்றுதான் கொத்தனார் குரலை உயர்த்தினார்.

"எனக்கு மதியம் கம்பெனி சாப்பாடு. மசிச்ச கிழங்கு, மேல சூடா சூப்பு. உழைக்கிறவன் மதியத்துக்கு உன் தட்டத்துல கை வைக்கறதில்ல. உழைக்காதவனுக்கு மட்டும் ராத்திரி ஒண்ணு, மதியம் ஒண்ணு. இது எந்த ஊர் நியாயம்?"

அவள் தட்டத்தை ஓவனுக்குள் தள்ளி, சரியாக மூடாத அதன் கதவைக் கம்பியால் இழுத்துக் கட்டினாள்.

வெந்து வந்ததைப் பங்கு போடுவது அந்த வீட்டில் கொத்தனார் வேலை. சுவர் கட்டும் நூலைக் கழுவி, தட்டத்தின்மேல் இழுத்துப் பிடிப்பார். நீளவாக்கில் இரண்டு கோடு, குறுக்கே இரண்டு. ஒன்பது துண்டு. ராத்திரிக்கு ஐந்து பேருக்கு ஐந்து. மறுநாள் மதியம் வீட்டிலிருக்கும் நால்வருக்கு நான்கு. நூலைப் பிள்ளைகள்கூடக் குறை சொன்னதில்லை.

அன்று நீளவாக்கில் ஒரு கோடு போட்டார். குறுக்கே மூன்று.

"எட்டு," என்றார்.

"சோத்துக்கு நூல் பிடிச்சதே கேவலம். இப்ப அதுலயும் ஒரு ஆளைக் கழிக்கறீங்களா? அவன் என் கூடப்பிறந்தவன்."

"அதுக்காகத்தான் ராத்திரித் துண்டை விட்டு வெச்சிருக்கேன்."

மச்சான் வாசலில் வந்து நின்றான். "மாமா, எனக்கு ஒண்ணு போதும். ஆனா அது மதியத் துண்டா இருக்கட்டும். ராத்திரித் துண்டை நீங்க எடுத்துக்குங்க."

"ஓகோ. எங்களோட உட்கார்ந்து தின்ன உனக்குக் கௌரவம் இடிக்குதா? வெளியில தின்னாதான் தொண்டையில இறங்குமா?"

"அதில்ல மாமா..."

"ஒண்ணும் பேசாத. உட்காரு. இங்கயே, என் கண்ணு முன்னால தின்னு. நாளைக்கு டப்பா கிப்பான்னு எதையும் நான் பார்க்கக் கூடாது."

மச்சான் உட்கார்ந்தான். மென்றான். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்தான். துண்டுகள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்ததில் சின்னவளுக்கு மட்டும் சந்தோஷம்.

மறுநாள் மதியம், தொழிற்சாலை கேன்டீனில் கடைசி பெஞ்சில் கொத்தனார் காத்திருந்தார். உலை வேலைக்கு ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஒரே ஆள் அவர். கம்பெனி ஆட்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவருக்குத் தட்டு வரும். கம்பெனி ஆட்கள் எழுந்துபோய் அரை மணி ஆயிற்று. பெஞ்சைக்கூடத் துடைத்துவிட்டார்கள். தட்டு வரவில்லை.

எழுந்துபோய்ப் பரிமாறும் மேடையில் ஓங்கி அடித்தார்.

"ஏம்மா, என் தட்டு எங்க? கான்ட்ராக்ட் ஆளுன்னா கிள்ளுக்கீரையா? உலைக்குள்ள வேகறது நான். நீங்க வயித்துல அடிக்கறீங்களா?"

சமையல்கார அம்மா பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் பொறுங்க கொத்தனாரே. வந்துரும்."

"எதைப் பொறுக்கறது? நேரா மேனேஜர்கிட்ட போறேன். சாப்பாடு எனக்கு உரிமை. யாரும் பிச்சை போடல."

"ஐயோ, அவர்கிட்ட போகாதீங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "கான்ட்ராக்ட் ஆளுக்குச் சாப்பாடு கிடையாதுன்னு அவர் நிறுத்தி மூணு மாசம் ஆகுது."

"அப்ப நான் தினமும் தின்னது?"

"வேலை விசாரிக்க வந்த உங்க மச்சான்கிட்ட நான்தான் வாய்தவறிச் சொல்லிட்டேன். மாமாவுக்குத் தெரிஞ்சா, பிள்ளைங்க பங்கு குறையும்னு வீட்டுலயிருந்தும் கொண்டு வர மாட்டார், பட்டினியாவே உலைக்குள்ள இறங்குவார்னு சொல்லி, அன்னையிலிருந்து தன் டப்பாவைத்தான் இந்தக் கதவு வழியாக் குடுத்துட்டுப் போறார். நான் அதை மசிச்சு சூப்பு ஊத்தித் தர்றேன், அவ்வளவுதான். இன்னைக்கு என்னவோ, இன்னும் ஆளைக் காணோம்."

கொத்தனாரின் கை மேடைமேலேயே கிடந்தது. மச்சானுக்கு அவர் தர வேண்டியது மூன்று மாத மதியச் சாப்பாடு.