பல்லி கேட்ட கேள்வி

கல்லூரியில் தத்துவ வகுப்புச் சுவரில் ஒரு பல்லி இருந்தது. பிள்ளைகள் தூங்கினாலும் அது ஒரு பாடத்தையும் விட்டதில்லை.

அன்று முதலாண்டுக்கு முதல் பாடம். "ஆதாரம் இல்லாம எதையும் நம்பாதீங்க" என்றார் பேராசிரியர்.

பல்லிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "அண்ணே, இவர் சொல்றதுக்கு என்ன ஆதாரம்?" என்று மூலையிலிருந்த சிலந்தியிடம் கேட்டது.

"அவரையே கேளு. கீழே எழுபது பேர் இருக்கான், ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான்" என்றது சிலந்தி.

பல்லி துணிந்து, தன் பாஷையில் உரக்கக் கேட்டது. "ச்சு ச்சு ச்சு!"

எழுபது பேரும் விரலால் பெஞ்சைத் தட்டினார்கள். பேராசிரியரும் மேஜையைத் தட்டி, "பாத்தீங்களா, பல்லியே சொல்லிடுச்சு!" என்றார்.

அதுவரை பேனாவைத் திறக்காதவர்கள்கூட அந்த வரியை எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார்கள்.